இரண்டு எஞ்சின், ஒரு தாங்கி

வீடு கொழும்பு மட்டக்குளியில். வாசலில் இருந்து நடந்தால், களனி கங்கை கடலோடு சேருகிற இடத்துக்குப் பத்து நிமிடம். பதினேழு வருடத்தில் மூன்று போட் வைத்திருந்தேன். முதலாவது 14 அடி, அடுத்தது 18, கடைசி 23. மூன்றும் கண்ணாடியிழை, மூன்றுக்கும் பின்பலகையில் வெளியே தொங்கும் ஒற்றை எஞ்சின், அதாவது அவுட்போர்ட். கடைசியாக ஓடியது யமஹா என்டியூரோ 40. மாதக்கணக்கில் உப்புக்காற்றில் கிடந்தாலும் கயிற்றை இரண்டு தரம் இழுத்தால் எழும்பிவிடும். அவுட்போர்ட்டில் எனக்குப் பிடித்ததே, எல்லாம் கண்ணுக்கு முன்னால் இருப்பதுதான். குளிர்விக்கும் தண்ணீர் பீச்சுகிறதா என்று பார்க்கத் தலையைத் திருப்பினால் போதும். பழுதென்றால் மூடியைக் கழற்றலாம். அதற்கும் மேலே போனால் எஞ்சினையே இரண்டு பேர் தூக்கி ஓட்டோவில் வைத்துக் கொண்டுபோகலாம்.

மூன்று வருடத்துக்கு முன் ஓகஸ்டில் ஒரு நாள். சோளகக் காற்று இரண்டு நாளாக ஓய்ந்திருந்தது. மனைவியும் மகளும் கூட வந்தார்கள். திரும்பும்போது காற்று திடீரென்று எழும்பியது. கழிமுகத்துக்கு முக்கால் மைல் வெளியே எஞ்சின் இரைகிறது, போட் நகரவில்லை. போட்டைத் தள்ளும் சுழலியின் நடுவில் இருக்கும் றப்பர் பிடிப்பு விட்டுவிட்டது. எஞ்சினில் ஒரு குறையும் இல்லை. பழசாகிப்போன ஒரு றப்பர் வளையம், அவ்வளவுதான். அலை எங்களைத் திக்கோவிட்ட மீன்பிடித் துறைமுகத்தின் கல்லணைப் பக்கம் தள்ளிக்கொண்டு போனது. நங்கூரம் இரண்டு தரம் இழுபட்டு மூன்றாம் தரம் கடித்தபோது, கல்லுக்கும் எங்களுக்கும் இடையில் அறுபது மீற்றர் இருந்திருக்கும். மகளுக்கு அப்போது ஒன்பது வயது. அழவில்லை. உயிர்காப்பு அங்கியின் பட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு என் முகத்தையே பார்த்தபடி இருந்தாள்.

கரைக்கு வந்த பிறகு மனைவி சொன்னது ஒரே வசனம்: "இனி ஒத்தை எஞ்சினோட இவளைக் கடலுக்குக் கூட்டிக்கொண்டு போகவேண்டாம்."

அப்படித்தான் இரட்டை எஞ்சின் போட் தேடத் தொடங்கினேன். இரவு தங்க ஒரு சின்ன அறை, மகளுக்கு வெயில் படாத இடம், கழிப்பறை, இரண்டு டீசல் எஞ்சின். பெற்றோல் வேண்டாம் என்பதில் உறுதியாக இருந்தேன். பெற்றோல் ஆவி காற்றைவிடக் கனம். மூடிய எஞ்சின் அறையில் கசிந்தால் அடித்தட்டில் போய்த் தேங்கி நிற்கும். பின்பலகையில் தொங்குகிற அவுட்போர்ட்டில் காற்று அதைக் கொண்டுபோய்விடும். தரைக்குக் கீழே இருக்கிற எஞ்சினில் ஒரு பொறி போதும்.

நீர்கொழும்பு, பொல்கொடை, காலி என்று எட்டு மாதம் அலைந்து ஐந்து போட் பார்த்தேன். நான்கைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. ஐந்தாவது, 1994இல் ஜப்பானில் கட்டிய 31 அடிப் போட். நான்கு சிலிண்டர் டீசல் எஞ்சின் இரண்டு, ஒவ்வொன்றும் 160 குதிரைவலு, நேரடியாகத் தண்டில் சுழலி. 2022 எரிபொருள் வரிசைக் காலத்தில் கட்டிப்போட்டதற்குப் பிறகு அதிகம் ஓடவில்லை என்று உரிமையாளர் மறைக்காமல் சொன்னார்.

முதல் தரம் பார்க்கப் போனபோது எஞ்சின்கள் சாவியைத் திருப்பிய உடனே எழும்பின. கேட்க இனிமையாகத்தான் இருந்தது. ஆனால் எழுப்புவதற்கு முன்பே எஞ்சின் கட்டையில் உள்ளங்கையை வைத்துப் பார்த்திருந்தேன்; இளஞ்சூடாக இருந்தது. நான் வருவதற்கு முன் ஒருக்கா ஓட்டி வைத்திருக்கிறார்கள். டீசல் எஞ்சின் தன் குறையைச் சொல்வது குளிரில் எழும்பும் அந்த முதல் நிமிடத்தில்தான். ஆகவே அடுத்த கிழமை சொல்லாமல் கொள்ளாமல் விடிய ஆறரைக்குப் போனேன். கட்டை பச்சைத்தண்ணீராக இருந்தது. வலது எஞ்சின் முதல் சுற்றிலேயே பிடித்தது. இடது எஞ்சின் மூன்றாம் முயற்சியில் பிடித்து, நாலைந்து நிமிடம் வெள்ளைப் புகை விட்டது. சூடேற ஏற நின்றது. எரியாத டீசல். டீசலைத் தூவும் விசிறியை (இன்ஜெக்டர்) கழற்றிச் சோதித்தால் தெரியும், எஞ்சினே தேய்ந்ததற்கான அடையாளம் இல்லை என்று கூட வந்த அண்ணை சொன்னார். எண்ணெய்க் கோலை உருவிப் பார்த்தோம். பால் கலந்த மாதிரி வெளுப்பு இல்லை. தண்ணீர் எண்ணெய்க்குள் போகவில்லை.

அண்ணையைப் பற்றிச் சொல்லவேண்டும். சொந்த ஊர் மன்னார் பேசாலை. கொழும்பு முகத்துவாரத்தில் முப்பது வருடமாகப் பலநாள் படகுகளின் எஞ்சின் திருத்துகிறவர். அதிகம் பேசமாட்டார். நீளமான திருப்புளி ஒன்றின் நுனியை எஞ்சினில் வைத்து, பிடியைக் காதில் வைத்துக் கேட்பார். மருத்துவர் நெஞ்சில் குழாய் வைப்பது போல ஒவ்வொரு இடமாக நகர்த்துவார்.

அடியைப் பார்க்க போட்டைத் தண்ணீரில் இருந்து ஏற்றவேண்டும். வற்றுப்பெருக்கு பெரிதாக உள்ள நாடுகளில், தண்ணீர் வற்றும்போது போட்டை மணலில் நிற்கவிட்டு அடியைப் பார்த்துவிடுவார்கள். கொழும்பில் வற்றுக்கும் பெருக்குக்கும் இடையில் ஒரு மீற்றர்கூட வராது. சறுக்குத் தளத்தில் ஏற்றக் காசு கொடுத்தே ஆகவேண்டும்; நான் கொடுத்த காசிலேயே மிகப் பயனுள்ள காசு அதுதான். சின்னச் சுத்தியலால் ஒரு சாண் விட்டு ஒரு சாண் தட்டிக்கொண்டு போனேன். நல்ல கண்ணாடியிழை 'டிக்' என்று கூர்மையாகப் பேசும். உள்ளே ஈரமேறியோ பிரிந்தோ இருந்தால் நனைந்த பலகையில் தட்டுவது போல மந்தமாக இருக்கும். அடி முழுக்க 'டிக்'. பதினொரு சின்னக் கொப்புளம் இருந்தது. ஒன்றைக் குத்தியபோது வந்த தண்ணீரில் வினாகிரி வாசம். அது காயவைத்து இப்பொக்சி பூசினால் தீரும் விடயம். மேல்தளத்தில் முன்னால் அணியப் பக்கம் கயிறு கட்டும் கொம்புகளில் ஒன்றைச் சுற்றி மட்டும் மந்த ஓசை. போல்ட்டைக் கழற்றியதும் ஓட்டையால் மண்ணிறத் தண்ணீர் கசிந்தது. உள்ளே இருக்கும் பால்சா மரம் ஊறிப்போய்விட்டது. உரிமையாளரிடம் காட்டினேன். கேட்ட விலையில் ஆறில் ஒரு பங்கைக் குறைத்தார்.

ஓட்டிப் பார்த்தது ஆற்றுக்குள்தான். இரண்டு பக்கமும் சின்ன வள்ளங்கள் கட்டியிருந்ததால் நிமிடத்துக்கு 2,400 சுற்றுக்கு மேல் கூட்ட முடியவில்லை. அப்போது தென்பட்ட இரண்டு விடயத்தை இங்கே எழுதியே ஆகவேண்டும். ஒன்று, வலது டீசல் தாங்கியின் அளவுமுள் பூச்சியத்தில் கிடந்தது. "அது அடியில கசியுது, அடைச்சு விட்டிருக்கு, இடது தாங்கி ரெண்டுக்கும் போதும்" என்றார் உரிமையாளர். இரண்டு, எஞ்சின்களின் மணிக்கணக்குக் கருவி இரண்டும் 1,846.2 என்று புள்ளிக்குப் பின்னாலும் ஒரே எண்ணைக் காட்டின. ஒழுங்காகப் பராமரித்த போட் என்பதற்கு அதை ஒரு சான்றாக நினைத்தேன். இரண்டும் கண்ணில் பட்டன. அவற்றின் பொருள்தான் அன்றைக்கு எனக்குப் பிடிபடவில்லை.

ஜனவரியில் வாங்கினேன். யானை வாங்கினவன் அங்குசத்துக்கும் காசு வைக்கவேண்டும் என்று அம்மா சொல்லுவார். விலையில் கால் பங்கை முதல் வருடத் திருத்தத்துக்கென்று ஒதுக்கினேன். கடைசியில் அதற்குக் கொஞ்சம் மேலே போனது.

பெப்ரவரியில் ஒரு சனிக்கிழமை, நானும் மச்சானும் முதல் தரமாகக் கடலுக்குக் கொண்டுபோனோம். குடும்பத்தை ஏற்றவில்லை. வானொலியில் 'புத்தளத்திலிருந்து கொழும்பு, காலி ஊடாக மாத்தறை வரையான கடற்பரப்பு' பற்றிச் சொன்னதில் பயப்பட ஒன்றும் இல்லை. கழிமுகத்து மணல்திட்டைத் தாண்டும் இடத்தில்தான் கொஞ்சம் அலை. போட் நாலைந்து தரம் நன்றாகக் குத்தி எழும்பியது. வெளியே வந்து பத்து நிமிடம் 16 நொட் வேகத்தில் ஓடினோம். பிறகு இடது எஞ்சின் மூச்சுத் திணறியது. சுற்று 2,600, 2,100, 1,400 என்று இறங்கி அணைந்தது. பயப்படவில்லை. இதற்குத்தானே இரண்டாவது எஞ்சின் என்று சொல்லிக்கொண்டே திருப்பினேன். நாலு நிமிடம் போகவில்லை. "மச்சான், இதுவும் இழுக்குது" என்றான் அவன். வலதும் அதே தாளத்தில் இறங்கி நின்றது.

31 அடிப் போட் இரண்டு எஞ்சினோடும் சத்தமில்லாமல் மிதந்த அந்த நேரத்தில் எனக்குள் ஓடியது கோபம் அல்ல. மகளின் முகம்தான்.

எங்களை இழுத்து வந்தது 19 அடி வள்ளம் ஒன்று. அதில் 25 குதிரைவலு அவுட்போர்ட். வலையை ஏற்றிக்கொண்டு திரும்பிய இரண்டு பேர், கையைக் காட்டியதுமே வந்தார்கள். ஒரு மணித்தியாலம் இழுத்துத் திக்கோவிட்டத் துறைமுகத்துக்குள் விட்டார்கள். காசு வாங்க மறுத்தார்கள். கயிற்றைச் சுருட்டிக் கொடுத்துவிட்டுத் தேநீர் மட்டும் குடித்தார்கள். கடலில் போகிற எல்லோருக்கும் தெரிந்த கடன் அது. நானும் இரண்டு பேரை இழுத்து வந்திருக்கிறேன்.

பின்னேரம் அண்ணை வந்தார். டீசல் வடிகட்டியின் அடிக்கிண்ணத்தைக் கழற்றி வெள்ளைத் துணியில் கவிழ்த்தார். கறுப்பாக, ஊறின புளி மாதிரி வழுவழுவென்று ஒரு கட்டி விழுந்தது. நீண்ட நாள் நின்ற டீசலில், காற்றில் இருக்கும் ஈரம் தாங்கியின் சுவரில் வியர்த்து அடியில் சேரும். தண்ணீரும் டீசலும் சந்திக்கிற அந்த மெல்லிய இடைவெளியில் பூஞ்சையும் நுண்ணுயிரும் வளரும். நம்முடைய புழுக்கத்தில் அது செழித்து வளரும். ஆறு அமைதியாக இருந்தவரை அடியில் படிந்து கிடந்தது. அலை குலுக்கியதும் கலங்கி, ஒரே தாங்கியில் இருந்து ஒரே குழாயால் வந்து இரண்டு வடிகட்டியையும் அடைத்துவிட்டது.

துணியை மடித்து வைத்துவிட்டு அண்ணை சொன்னார்: "தம்பி, உங்களிட்ட ரெண்டு எஞ்சின் இல்லை. ஒரு எஞ்சினை ரெண்டாப் பிரிச்சு வச்சிருக்கிறீங்க."

அன்று இரவு மகளின் வரைதல் கொப்பியில் ஒரு தாளைக் கிழித்து நடுவில் கோடு போட்டேன். இடது எஞ்சின் உயிரோடு இருக்க என்னென்ன வேண்டும் என்று இடப்பக்கம், வலது எஞ்சினுக்கு வலப்பக்கம். டீசல், காற்று, குளிர்விக்கும் கடல்நீர், எழுப்பும் மின்சாரம், புகை வெளியேறும் வழி. கோட்டைக் கடக்கிறது எதுவோ அதற்குச் சிவப்புப் பேனா. டீசல் கடந்தது. ஒரே பற்றரித் தொகுதி இரண்டையும் எழுப்பியது, அதுவும் கடந்தது. சாவியும் ஒன்றுதான் என்று அப்போதுதான் கண்டேன். மணிக்கணக்குக் கருவி இரண்டும் அந்த ஒரே சாவியில் இணைத்திருந்தன. எந்த எஞ்சின் ஓடினாலும் ஓடாவிட்டாலும் இரண்டும் சேர்ந்தே கூடும். எது 1,846 மணி ஓடியது என்பது யாருக்கும் தெரியாது.

அடுத்த ஏழு மாத வேலை, அந்தத் தாளில் சிவப்புக் கோட்டை ஒவ்வொன்றாக அழிப்பதுதான்.

வலது தாங்கியை வெளியே எடுக்க மேல்தளத்தில் ஒரு பகுதியையே அறுக்கவேண்டி வந்தது. அலுமினியத் தாங்கி; அடியில் ஊசிமுனை அளவில் மூன்று ஓட்டை. ஓட்டை விழுந்த இடம் எங்கே என்று பார்த்தால் காரணம் விளங்கும். தாங்கிக்குக் கீழே மெத்தை மாதிரி ஒரு பஞ்சுப் பட்டி வைத்திருந்தார்கள். அது உப்புத்தண்ணீரை உறிஞ்சி வருடக்கணக்காக அலுமினியத்தோடு ஒட்டியபடி வைத்திருந்தது. அலுமினியம் காற்றுப் பட்டால் தன்மேல் ஒரு காப்புத்தோல் போட்டுக்கொள்ளும். காற்றுப் படாத ஈரத்தில் அந்தத் தோல் உருவாகாது, அரித்துக்கொண்டே போகும். பழசைப் போலவே அளவெடுத்து, 5083 கடல்தர அலுமினியம் 5 மில்லிமீற்றர் தகட்டில் புதிதாகச் செய்வித்தேன். ஒட்டு வேலை முடிந்ததும் சோப்புத் தண்ணீர் பூசி, சைக்கிள் பம்பால் காற்றடித்துச் சோதித்தோம். 3 பிஎஸ்ஐ அழுத்தம் போதும். தட்டையான பெரிய தகட்டில் அதற்கு மேல் ஏற்றினால் தாங்கி பலூன் மாதிரி வீங்கி ஒட்டுகள் பிளந்துவிடும். இந்தத் தடவை அடியில் பஞ்சு இல்லை. கெட்டியான பிளாஸ்ரிக் பட்டைகளைத் தாங்கியோடு ஒட்டி உயர்த்தி வைத்தோம். கையை நுழைத்தால் விரல் அடியால் போய்வரும்; காற்றும் போய்வரும்.

இடது தாங்கியில் இருந்த 160 லீற்றரைப் பீப்பாய்க்கு இறைத்துவிட்டு, பக்கவாட்டில் கை நுழையும் அளவுக்கு மூடியொன்று வெட்டினோம். பழைய பருத்தி வேட்டியைத் துண்டு துண்டாகக் கிழித்துத் துடைத்தேன். தோள்வரை கை உள்ளே, கன்னம் தாங்கியின் மேல், கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. விரல் வழுக்கும்வரை துடைப்பதும், விரல் கிறீச்சிட்டால் நிறுத்துவதும்தான் அளவுகோல். மூன்று நாள் பிடித்தது. கையில் டீசல் வாசம் இரண்டு கிழமை போகவில்லை.

இப்போது ஒவ்வொரு பக்கமும் தனித்தனி: தாங்கி, டீசலை நிறுத்தும் வால்வு, தண்ணீர் பிரிக்கும் கண்ணாடிக் கிண்ண வடிகட்டி, எஞ்சினின் சொந்த வடிகட்டி, பம்ப். திரும்பிவரும் குழாயைப் பற்றி ஒரு எச்சரிக்கை. டீசல் எஞ்சின் உறிஞ்சுகிற அத்தனையையும் எரிப்பதில்லை. மிச்சத்தைத் தாங்கிக்குத் திருப்பி அனுப்பும். இடது தாங்கியில் உறிஞ்சி வலது தாங்கிக்குத் திருப்பினால், ஒன்று வற்ற மற்றது மூச்சுக்குழாயால் கடலில் கக்கும். எங்கிருந்து எடுத்ததோ அங்கேயே திரும்பவேண்டும். இரண்டையும் இணைக்கிற குழாய் இன்னும் இருக்கிறது. அவசரத்துக்கு வேண்டுமே. அதன் இரண்டு முனையிலும் மூடிவைத்த வால்வு. பிடி இரண்டுக்கும் சிவப்புப் பூச்சு.

ஒவ்வொரு வடிகட்டிக்கு மேலும் ஒரு சின்ன வெற்றிட அளவுமானி பூட்டினேன். விலை பெரிதில்லை. வடிகட்டி அடைபட அடைபட எஞ்சின் கூடுதலாக உறிஞ்சும், முள் ஏறும். பெப்ரவரியில் இது இருந்திருந்தால் எஞ்சின் திணறுவதற்கு முன்பே முள் சொல்லியிருக்கும்.

வடிகட்டி மாற்றிக் காற்றை வெளியேற்றுவதை மகளுக்கும் பழக்கிவிட்டேன். மேலே இருக்கும் சின்னத் திருகைத் தளர்த்தவேண்டும். கைப்பம்பை அமுக்க அமுக்க முதலில் நுரை வரும், பிறகு நுரையும் டீசலும், பிறகு குமிழி இல்லாத சுத்த டீசல். அப்போது அமுக்கிக்கொண்டே திருகை இறுக்கவேண்டும். டீசல் எஞ்சினுக்குள் காற்றுக் குமிழி போனால் பம்ப் அதை நசுக்கிக்கொண்டிருக்குமே தவிர, விசிறிக்கு டீசலைத் தள்ளாது. அவளுடைய சின்ன விரலுக்கு அந்தத் திருகு என்னைவிட நன்றாக எட்டுகிறது.

பற்றரி வேலை இரண்டு நாளில் முடிந்தது: இடதுக்கு ஒன்று, வலதுக்கு ஒன்று, விளக்குக்கும் அடித்தட்டுத் தண்ணீர் இறைக்கும் பம்புக்கும் தனியாக ஒன்று. வயர், தடித்த கேபிள் எல்லாம் பஞ்சிகாவத்தையிலும் ஆமர் வீதியிலும் கிடைத்தன. தகரம் பூசிய செப்பு வயர்தான் வேண்டும் என்று பிடிவாதமாக நின்றேன். வெறும் செப்பு, கடல் காற்றில் உறைக்கு உள்ளேயே கறுத்துப்போகும். சாவி இரண்டானது. மணிக்கணக்குக் கருவிகளை அந்தந்த எஞ்சினின் எண்ணெய் அழுத்த சுவிட்சில் இணைத்தேன். எஞ்சின் ஓடினால் மட்டும் கூடும்.

குளிர்விக்கும் பக்கம் முதலே தனித்தனி என்பதால் அந்தத் தாளில் சிவப்பு விழவில்லை. ஆனாலும் திறந்து பார்க்கவேண்டும் என்றார் அண்ணை. இடது கடல்நீர்ப் பம்பின் மூடியைக் கழற்றியபோது, றப்பர்ச் சக்கரத்தில் ஆறு இதழுக்குப் பதிலாக நாலுதான் இருந்தது. புதுச் சக்கரம் போட்டு மூடிவிடலாம். ஆனால் உடைந்த இதழ் இரண்டும் எங்கேயோ உள்ளே இருக்கின்றன. கண்டுபிடிக்காமல் விட்டால் தண்ணீர் ஓட்டத்தை மறித்து, பொருந்தாத நேரத்தில் சூட்டைக் கிளப்பும். ஒன்று அடுத்த வளைவுக் குழாயிலேயே கிடைத்தது. மற்றதுக்கு எண்ணெய்க் குளிரூட்டியைக் கழற்றி, அதன் முகத்தில் தேடினோம். தேன்கூடு மாதிரி சின்னக் குழாய்கள். பாதி வெள்ளைச் சுண்ணாம்பால் அடைபட்டிருந்தன. அவற்றின் நடுவில் கறுப்பாக, பூசணி விதை அளவில் அந்த இதழ். கடல்நீர் வடிகட்டிக் கூடையில் இன்னொன்றும் இருந்தது: அரிசியைவிடக் கொஞ்சம் பெரிய வெள்ளைப் பிளாஸ்ரிக் மணிகள், ஒரு கைப்பிடி. 2021இல் எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் எரிந்தபோது நம்முடைய கரையெல்லாம் பனி மாதிரிக் குவிந்தவற்றைப் போலவே இருந்தன. சிறு போத்தலில் போட்டு வைத்திருக்கிறேன்.

துத்தநாகக் கட்டிகளைப் பற்றி இங்கே போட் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. சுழலியும் தண்டும் அரிக்காமல் தான் அரிபட்டுக் காப்பதற்காக அடியில் பூட்டும் உலோகக் கட்டிகள் அவை. கடலில் கட்டும் போட்டுக்குத் துத்தநாகம் சரி. களனி ஆறு அப்படி இல்லை. கடும் வறட்சியில் உப்பு அம்பத்தலை நீரேற்று நிலையம் வரைக்கும் ஏறியிருக்கிறது. மே மாத மழையில் கழிமுகத்திலேயே தண்ணீர் மண்ணிறமான நன்னீராக இருக்கும். நன்னீரில் துத்தநாகம் வெள்ளைப் பொருக்குப் பிடித்து வேலை செய்யாமல் கிடக்கும். என்னுடைய போட்டில் அப்படித்தான் கிடந்தன, புதுசு மாதிரி முழுசாக. சுழலியின் விளிம்புதான் அரிபட்டு இளஞ்சிவப்பாக மாறத் தொடங்கியிருந்தது. அலுமினியக் கட்டிக்கு மாறிவிட்டேன்.

எனக்கு அதிகம் கற்றுத்தந்தது தண்டை நேர்படுத்திய வேலை. வலது பக்கம் 1,800 சுற்றில் மேசையில் கோப்பை நடுங்கும். கியர்ப்பெட்டியின் தட்டும் தண்டின் தட்டும் முகத்தோடு முகம் ஒட்டவேண்டும். பொதுவாகச் சொல்லும் கணக்கு, தட்டின் விட்டத்தில் ஒவ்வோர் அங்குலத்துக்கும் ஒரு அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கு இடைவெளி. எங்களுடையது 5 அங்குலம். ஆகவே ஆயிரத்தில் ஐந்துக்கு மேல் கூடாது. தலைமயிரின் இரு மடங்குத் தடிப்பு என்று வைத்துக்கொள்ளலாம். இந்த வேலையைப் போட் சறுக்குத் தளத்தில் நிற்கும்போது செய்யக்கூடாது. முட்டுக் கட்டையில் நிற்கும்போது ஓடல், அதாவது அடியும் பக்கமும் சேர்ந்த போட்டின் கூடு, ஒரு வடிவத்தில் இருக்கும். தண்ணீர் தாங்கும்போது வேறு வடிவம். இறக்கி இரண்டு நாள் மிதக்கவிட்ட பிறகுதான் தட்டுகளைப் பிரித்தோம். அளவுத் தகட்டை மேலே நுழைத்தால் தளர்வு, கீழே நுழைத்தால் போகவே இல்லை. வித்தியாசம் ஆயிரத்தில் பதினெட்டு. எஞ்சினின் பின்பக்கத் தாங்கு றப்பர் இரண்டும் டீசல் பட்டுப்பட்டு மெதுமெதுவென்று அமுங்கிப்போயிருந்தன. மாற்றிவிட்டு, நட்டைக் கால் திருப்புத் திருப்பி, நாலு இடத்திலும் அளந்து, மறுபடி கால் திருப்பு. எஞ்சின் அறையில் நாற்பது பாகைக்குக் குறையாத வெக்கை. மாலை மூன்றுக்குத் தொடங்கி இரவு பதினொன்றுக்கு நாலு இடமும் ஆயிரத்தில் நாலுக்குள் வந்தது. அண்ணை தண்டைக் கையால் சுற்றிவிட்டார். அது ஒரு விரலுக்கே சுற்றியது.

ஓட்டும் விதமும் புதிதாகப் பழகவேண்டி இருந்தது. அவுட்போர்ட்டில் எஞ்சினே திரும்பும்; எந்தப் பக்கம் திருப்பினாலும் அந்தப் பக்கம் தள்ளும். இதில் சுழலி நேராகவே தள்ளும். சுக்கானுக்கு அந்தத் தண்ணீர் பட்டால்தான் திரும்பும். பின்னுக்குப் போகும்போது சுக்கான் பெயருக்குத்தான். முதல் மாதம் சுக்கான் வளையத்தைச் சுற்றிச் சுற்றித் தூணில் இரண்டு தரம் உரசினேன். பிறகு வளையத்தை நடுவில் விட்டுவிட்டுக் கையை எடுத்துவிட்டேன். இடது முன்னுக்கு, வலது பின்னுக்கு. போட் நின்ற இடத்திலேயே வலப்பக்கம் சுழன்றது. சுழலிகள் எதிரெதிராகச் சுற்றுவதால்தான் இது இவ்வளவு சுலபமாகிறது.

ஒற்றை எஞ்சினில் ஓடுவதையும் அமைதியான கடலிலேயே பழகினேன். ஒன்றை வேண்டுமென்றே அணைத்து, மற்றதில் மட்டும் கட்டுமிடம் வரை வருவது. ஓடும் எஞ்சின் போட்டை எதிர்ப்பக்கம் தள்ளப் பார்க்கும். சுக்கானைக் கொஞ்சம் பிடித்தபடியே வரவேண்டும். அணைந்த பக்கத்துத் தண்டு தண்ணீரின் வேகத்தில் தானாகச் சுற்றலாமா என்பது கியர்ப்பெட்டிக்குப் பெட்டி வேறு. கைப்புத்தகத்தைப் பார்த்து உறுதிசெய்யவேண்டும். எங்களுடையதைச் சுற்றவிடலாம். ஆறு நொட்டுக்குக் கிட்டப் போகிறது. இந்த நீள ஓடலுக்கு ஏழு நொட் வரைதான் தண்ணீர் சுலபமாக வழிவிடும். அதற்கு மேலே போகத்தான் டீசல் கொட்டவேண்டும். முழுவேகத்தில் ஒவ்வோர் எஞ்சினும் மணிக்கு 30 லீற்றர் குடிக்கும். ஏழுக்குக் கீழே அதில் சிறு பங்குதான். ஓய்வாகப் போகும்போது இப்போது அந்த வேகத்தில்தான் போகிறோம்.

டிசம்பரில், வாடை தொடங்கிக் கரையோரம் கடல் தட்டையாகக் கிடந்த ஒரு கிழமையில், மனைவியையும் மகளையும் ஏற்றிக்கொண்டு நீர்கொழும்புக்குப் போனோம். இரவு அங்கேயே தங்கல். காலையில் மகள் அணியத்தில் குப்புறப்படுத்து, பறக்கும் மீன்களை எண்ணிக்கொண்டு வந்தாள். வரும் வழியில் இடது எஞ்சினின் வெப்ப மணி அடித்தது. முள் 96. வேகத்தைக் குறைத்துப் பின்னால் எட்டிப் பார்த்தேன். இடது புகைக்குழாயால் தண்ணீர் வரவில்லை, நீராவி மட்டும். அணைத்தேன். வலதை 1,500க்கு இறக்கினேன். போட் கொஞ்சம் இடப்பக்கம் இழுத்தது, சுக்கானால் பிடித்துக்கொண்டேன். வலது வெப்பம் 80. வலது வெற்றிட முள் கீழே, அசையாமல்.

மனைவி உள்ளே இருந்து தலையை நீட்டினார். "என்ன மணி அது?"

"இடது சூடாயிட்டுது. நிப்பாட்டிட்டன்."

"இப்ப எதில போறம்?"

"வலதில."

கொஞ்ச நேரம் கரையைப் பார்த்தார். பிறகு உள்ளே போய்க் கேத்தலை அடுப்பில் வைத்தார். மகள் எண்ணுவதை நிறுத்தவில்லை; முப்பத்தொன்றோ முப்பத்திரண்டோ என்று எனக்குச் சத்தமாகச் சொன்னாள்.

ஒரு மணி நாற்பது நிமிடத்தில் கழிமுகத்தைத் தாண்டிக் கட்டுமிடத்துக்கு வந்து சேர்ந்தோம். இடது கடல்நீர் வால்வை மூடிவிட்டு, வடிகட்டிக் கூடையைக் கழற்றினேன். உள்ளே ஒன்றும் இல்லை. குழாயைக் கழற்றி வால்வைத் திறந்தபோதுதான் தெரிந்தது. ஓடலின் உறிஞ்சு வாயில் ஒரு கறுத்த சொப்பிங் பை சுருண்டு போய் அடைத்துக்கொண்டிருந்தது. பாதியைக் கம்பியால் இழுத்தேன், மீதியை மச்சான் முங்கி எடுத்தான். பம்பைத் திறந்து பார்த்தோம். வெறுமையாகச் சுற்றியதில் சக்கரத்தின் ஓர் இதழின் நுனி வெந்திருந்தது. ஆறும் இருந்தன. புதுசு போட்டோம்.

பதிவேட்டில் அன்றைய வரி இது: இடது 1,902.7. வலது 1,904.4.